மஞ்சள் சாப்பிடுகிற ஊரில் மறதி நோய் வராதா?

கேள்வி: 8 ஜூன் 2025

எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் வந்த செய்தி: உலகத்திலேயே அல்சைமர் நோய் குறைவாக இருப்பது இந்தியாவில்தான், காரணம் நாம் தினமும் சமையலில் சேர்க்கும் மஞ்சள், இதை அமெரிக்க ஆராய்ச்சியே ஒப்புக்கொண்டுவிட்டது. எங்கள் தாத்தா பாட்டி காலத்தில் இப்படி ஒரு நோயைக் கேள்விப்பட்டதே இல்லை. இப்போது தெருவுக்கு ஒருவர் என்கிறார்கள். பீட்சா, பாக்கெட் சாப்பாடு எல்லாம் வந்ததுதான் காரணமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லவும்.

8 ஜூன், இரவு

அப்படி ஓர் ஆராய்ச்சி நிஜமாகவே இருக்கிறது சார். ஹரியானாவில் பல்லப்கர் பக்கத்துக் கிராமங்களில் செய்தது, 2001இல் வெளியானது. 65 வயதைத் தாண்டியவர்களில் ஆயிரம் பேருக்கு வருடத்துக்கு 4.7 பேர் என்ற கணக்கில் புதிதாக அல்சைமர் வந்தது. அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் மொனங்ககேலா பள்ளத்தாக்கில் அதே கணக்கு 17.5. பெரிய வித்தியாசம்தான். ஆனால் யார் எவ்வளவு மஞ்சள் சாப்பிட்டார்கள் என்று அந்த ஆய்வில் யாரும் அளக்கவில்லை. கவனித்த காலம் குறைவு, வேறு காரணங்களும் குறுக்கே இருக்கலாம், அதனால் நிதானமாகப் படியுங்கள் என்று ஆய்வு செய்தவர்களே எழுதியிருந்தார்கள். மஞ்சள் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. மஞ்சளில் இருக்கும் குர்க்குமினை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வும் அதே சமயத்தில் வந்தது, இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார்கள். நோய் வந்த மனிதர்களுக்கு 24 வாரம் குர்க்குமின் கொடுத்துப் பார்த்த ஒரு சின்னச் சோதனையில் (2012) பலன் ஒன்றும் தெரியவில்லை.

நான் ஈரோட்டுக்காரி. என் மாமியார் மஞ்சள் வேகவைக்கும் கொப்பரைக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர். மஞ்சளால் தடுக்க முடியும் என்றால் அவருக்கு வந்திருக்கவே கூடாது.

9 ஜூன்

பீட்சாவைப் பற்றிச் சொல்ல விட்டுவிட்டேன். அத்தை (மாமியாரை அப்படித்தான் கூப்பிடுவேன்) இதுவரை அதைத் தொட்டதில்லை. பேரன் ஒருமுறை கொடுத்ததற்கு, “இதை எந்த மாட்டுக்குப் போடறது?” என்று கேட்டார்.

11 ஜூன்

“தாத்தா பாட்டி காலத்தில் கேள்விப்பட்டதே இல்லை” என்ற வரி இரண்டு நாளாக மனதில் ஓடுகிறது. கேள்விப்படவில்லை என்பது சரி. இல்லை என்பது சரியா?

எங்கள் அம்மிச்சி, அதாவது அம்மாவின் அம்மா, கோபிசெட்டிபாளையம் பக்கம் தோட்டத்து வீட்டில் இருந்தார். கடைசிக் காலத்தில் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு போகிறவர் வருகிறவரிடமெல்லாம் “மாடு கறந்தாச்சா?” என்று கேட்பார். கறந்தாச்சு ஆத்தா என்று சொல்லி இரண்டடி வைப்பதற்குள் மறுபடி கேட்பார். சாப்பிட்டுக் கை கழுவின ஈரம் காய்வதற்குள் பக்கத்துத் தோட்டத்துக்குப் போய், மருமகள் சோறே போடுவதில்லை என்பார். அவர்களும் சிரித்துக்கொண்டே ஒரு வாய் போட்டு, கையைப் பிடித்துக் கொண்டுவந்து விடுவார்கள். டாக்டரிடம் யாரும் கூட்டிப் போகவில்லை. “வயசாச்சு, புத்தி தடுமாறுது.” அதோடு முடிந்தது.

இதை ஆராய்ச்சியாகவே காட்டியிருக்கிறார்கள், அதுவும் நம் ஊரில். 10/66 என்று ஓர் ஆய்வுக் குழு. டிமென்ஷியா (மறதி நோய்களுக்கெல்லாம் பொதுப் பெயர், அல்சைமர் அதில் ஒரு வகை) உள்ளவர்களில் 66 சதவீதம் பேர் ஏழை, நடுத்தர நாடுகளில் இருக்க, ஆராய்ச்சியில் 10 சதவீதம்கூட அங்கே நடப்பதில்லை என்பதால் அந்தப் பெயர். சென்னையிலும் வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களிலும், கூடவே கியூபா, சீனா, பெரு போன்ற நாடுகளிலும் வீடு வீடாகப் போய்ப் பார்த்து 2008இல் முடிவை வெளியிட்டார்கள். டிஎஸ்எம்-4 என்ற அமெரிக்க வரையறைப்படி எண்ணினால், 65 தாண்டியவர்களில் நம் கிராமத்தில் 0.3 சதவீதம், கியூபாவில் 6.3. படிக்காதவர்களுக்கும் பொருந்துகிற மாதிரி அந்தக் குழு உருவாக்கிய முறையில் அதே ஆட்களை எண்ணியபோது, எல்லா ஊரும் 5.6-க்கும் 11.7-க்கும் நடுவில் வந்து நின்றன.

காரணம் இதுதான். டிஎஸ்எம் வரையறைக்கு ஞாபகம் குறைந்தால் மட்டும் போதாது. அதனால் அன்றாடக் காரியம் கெட்டிருக்க வேண்டும், அதை வீட்டார் வாயால் சொல்லவும் வேண்டும். எழுபத்தைந்து வயது அம்மிச்சியிடம் நாம் என்ன காரியத்தை எதிர்பார்த்தோம்? சமையல் இல்லை, கடை கண்ணி இல்லை, கணக்கு வழக்கு இல்லை. “அவங்களுக்கு என்ன குறை, நல்லாத்தான் இருக்காங்க” என்றுதான் எங்கள் வீட்டிலும் சொல்லியிருப்பார்கள்.

2023இல் வெளியான லாசி-டாட் என்ற தேசிய ஆய்வின் கணக்கு: இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 சதவீதம், ஏறக்குறைய 88 லட்சம் பேர். டிமென்ஷியா எல்லா வகையும் சேர்த்து. ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம், நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம். இயற்கை உணவு, நல்ல காற்று என்று பேசுகிறவர்கள் இந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை படிக்கலாம்.

13 ஜூன்

“அப்படியானால் அதிகமாகவில்லை, எண்ணுவதுதான் அதிகம் என்கிறீர்களா?” என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். இரண்டும்தான். 65-க்குப் பிறகு ஏறக்குறைய ஒவ்வொரு ஐந்து வருடத்துக்கும் இந்த நோய் வரும் வாய்ப்பு இரட்டிப்பாகிறது. எண்பதைத் தொடுகிறவர்கள் கூடினால் நோயாளிகளும் கூடத்தான் செய்வார்கள். தமிழ்நாட்டில் 60 தாண்டியவர்கள் 2021இல் 13.6 சதவீதம், 2031இல் 18.2 ஆகும் என்பது மத்திய அரசின் கணிப்பு. நமக்கு மேலே கேரளம் மட்டும்தான்.

மறு பக்கம் பிள்ளைகள் எண்ணிக்கை. அம்மிச்சிக்கு ஏழு. அத்தைக்கு இரண்டு. அதில் ஒருவர் என் வீட்டுக்காரர், இன்னொருவர் ஷார்ஜாவில் இருக்கிறார், வீடியோ காலில் ரொம்பப் பாசமாக இருப்பார்.

அம்மிச்சிக்கும் அத்தைக்கும் வந்தது ஒரே நோய்தான் என்று வைத்துக்கொண்டாலும், அதைச் சுமக்கிற ஆட்கள் எண்ணிக்கை சுருங்கிவிட்டது. அன்று திண்ணை, தோட்டம், பக்கத்து வீடு எல்லாம் பங்கு போட்டுக்கொண்டதை இன்று பூட்டின ஃபிளாட்டில் ஒருவர் சுமக்கிறார். பாரம் ஏறிப்போனதற்கு எனக்குத் தெரிந்த முதல் காரணம் அது.

16 ஜூன்

மேலே நான் எழுதினதைப் படித்துவிட்டுத் திருச்சியிலிருந்து ஓர் அக்கா காய்ச்சியிருக்கிறார். “கூட்டுக் குடும்பத்தில் எல்லோரும் பங்கு போட்டுக்கொண்டார்களா? சேலையை அலசினது யார், ராத்திரி எழுந்தது யார், பெயரைச் சொல்லுங்கள்.”

சொல்கிறேன். என் சின்ன மாமாவின் மனைவி. ஏழு பிள்ளை, பதினைந்து பேரப்பிள்ளை இருந்த வீட்டில் அம்மிச்சியைக் குளிப்பாட்டினது அவர் ஒருவர்தான். திண்ணையில் நாங்கள் பங்கு போட்டது வேடிக்கையை. சோறு போடுவதில்லை என்று ஊர் முழுக்கப் பேச்சு வாங்கினதும் அவர்தான். ஆகவே பழைய காலத்தைப் புகழ்ந்த அளவில் பாதியைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் ஒன்று சொல்வேன்: அவர் மஞ்சள் காட்டுக்குப் போன நேரத்தில் அம்மிச்சி மேல் ஒரு கண் வைக்க யாராவது இருந்தார்கள். நான் வேலைக்குப் போகும்போது எனக்கு அந்த ஒரு கண்கூட இல்லை.

22 ஜூன்

முதலில் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று பலர் கேட்கிறீர்கள். கோலத்தில்.

அத்தை சிக்குக் கோலக்காரர். புள்ளி வைத்து ஒரே இழையில் சுற்றி, தொடங்கின இடத்துக்கே வந்து முடிப்பார். ஒருநாள் இழை மூலையில் திரும்பாமல் நேராக வாசல்படி வரைக்கும் போய்விட்டது. அவரே பார்த்துக்கொண்டு நின்றார். தண்ணீர் தெளித்து அழித்துவிட்டு மறுபடி போட்டார். மறுபடி அதே மூலை. சில வாரத்தில் புள்ளி மட்டும் வைத்துவிட்டு உள்ளே வர ஆரம்பித்தார். கேட்டால் “குனிய முடியலை கண்ணு” என்பார். நானும் இடுப்பு வலித் தைலம் வாங்கிக் கொடுத்தேன்!

டாக்டரிடம் போனபோது ஒன்றோடொன்று மாட்டின இரண்டு ஐங்கோணத்தைக் காட்டி வரையச் சொன்னார்கள். பிறகு நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள். அத்தை மூன்றாம் வகுப்பு. பேனாவைப் பிடித்ததே கையெழுத்துக்குத்தான். பூஜ்யம் போட்டார்கள். கோலம் போடச் சொல்லியிருந்தால் ஒரு வருடம் முன்பே தெரிந்திருக்கும், காய்கறிக் கணக்குக் கேட்டிருந்தால் அன்றைக்கும் சரியாகச் சொல்லியிருப்பார். படிக்காதவர்களுக்கு என்று மாற்றி அமைத்த சோதனைகள் தமிழிலும் இருக்கின்றன. கேட்டு வாங்குங்கள். “அம்மா படிக்கலை” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

28 ஜூன்

ஒரு தம்பி தனி மெசேஜில், அப்பா மூன்று வாரமாக உளறுகிறார், அல்சைமர்தானே என்று கேட்கிறார். தம்பி, மூன்று வாரத்தில் வருவது பெரும்பாலும் அல்சைமர் இல்லை. அது வருடக்கணக்கில் ஊர்ந்து வரும். நாளைக்கே கூட்டிக்கொண்டு போங்கள். சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு இரண்டுமே வயசானவர்களைச் சில நாளில் உளற வைக்கும். குளியலறையில் வழுக்கி விழுந்து மண்டைக்குள் மெதுவாக ரத்தம் கசிந்து தேங்கியிருந்தாலும் இப்படி ஆகும், ஸ்கேனில் தெரியும், சரி செய்யலாம். தைராய்டு, பி12 குறைவு, மன அழுத்தம் இவையும் மறதி வேஷத்தில் வரும். தூக்கத்துக்கும் அலர்ஜிக்கும் சிறுநீர் அடக்கவும் கொடுக்கும் சில மாத்திரைகளும் புத்தியை மந்தமாக்கும். மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

3 ஜூலை

மண்டைக்குள் ரத்தம்தானாம். ஆபரேஷன் முடிந்து அந்த அப்பா நர்ஸிடம் காபி சரியில்லை என்று சண்டை போடுகிறாராம். நல்ல சேதி.

5 ஜூலை

நோயைவிடப் பணவிஷயத்தைப் பற்றித்தான் எனக்கு அதிகம் தெரியும். வங்கியில் வேலை. மாதத்தில் ஓரிரு குடும்பமாவது கவுண்டருக்கு எதிரில் வந்து நிற்கிறது: அப்பாவின் கையெழுத்து ஒத்துப்போகவில்லை, டெபாசிட் அப்பா பெயரில் மட்டும் இருக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் பணம் கட்ட வேண்டும். “பவர் எழுதி வாங்கியிருக்கிறோமே மேடம்” என்று பத்திரத்தை நீட்டுவார்கள்.

அந்தப் பவர் செல்லாது. எழுதிக்கொடுத்தவருக்குப் புத்தி ஸ்வாதீனம் போனால் அதோடு பவரும் முடிந்தது, இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆவது பிரிவு அப்படி. சில வெளிநாடுகளில் ஸ்வாதீனம் போன பிறகும் நிற்கிற பவர் உண்டு, இங்கே கிடையாது. எதற்காக எழுதினார்களோ அந்த நாள் வரும்போது காகிதம் காலாவதி. 1987ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தில் சொத்தைப் பார்த்துக்கொள்ள நீதிமன்றம் ஒருவரை நியமிக்க வழி இருந்தது. அதற்குப் பதிலாக 2017இல் வந்த சட்டத்தில் அந்த அத்தியாயம் இல்லை. இப்போது பல குடும்பங்கள் உயர் நீதிமன்றத்தில் ரிட் போட்டுத்தான் காப்பாளர் உத்தரவு வாங்குகின்றன. கோமாவில் இருப்பவர்களுக்காகக் கேரள உயர் நீதிமன்றம் 2019இல் நெறிமுறை வகுத்தது. நம் ஊரிலும் அந்த மாதிரி உத்தரவுகள் வந்திருக்கின்றன. ஆனால் டயாப்பர் வாங்கக் காசு எடுக்க ஹைகோர்ட்டுக்குப் போவது எல்லோராலும் ஆகிற காரியமா?

ஆகவே ஞாபகம் தெளிவாக இருக்கும்போதே கணக்கை ‘எய்தர் ஆர் சர்வைவர்’ முறையில் (இருவரில் யார் வேண்டுமானாலும் பணம் எடுக்கலாம், ஒருவர் போனால் மற்றவர் எடுக்கலாம்) ஜாயிண்ட் ஆக்குங்கள். டெபாசிட்டுக்கும் அதே மாதிரி. நாமினி போட்டுவிட்டோமே என்று உட்காராதீர்கள், நாமினிக்கு உரிமை வருவது இறந்த பிறகு. மனநல சிகிச்சை விஷயத்தில் தனக்காகப் பேச ஒருவரை வெள்ளைத் தாளிலேயே எழுதி நியமிக்க 2017 சட்டம் இடம் தருகிறது. உயில் எழுதுவதென்றால் நல்ல புத்தியில் இருக்கிறார் என்று டாக்டர் சான்றிதழும் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

பெற்றவரிடம் இந்தப் பேச்சை எப்படி எடுப்பது என்று கேட்பீர்கள். மாமனாரிடம் நான் எடுத்தபோது ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு கையெழுத்துப் போட்டார்.

6 ஜூலை

ஜாயிண்ட் கணக்கு என்றால் ஏமாற்ற மாட்டார்களா என்று கேட்ட அண்ணனுக்கு: ஏமாற்றலாம். எங்கள் கிளையிலேயே பார்த்திருக்கிறேன். இரண்டு பிள்ளை இருந்தால் மற்றவருக்கும் எஸ்எம்எஸ் போகிற மாதிரி செய்யுங்கள்.

19 ஜூலை

வழி தப்பிப் போகிறவர்களைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஜப்பான் வழக்கு ஒன்று. 2007 டிசம்பர், ஐச்சி மாநிலத்தில் ஓபு என்ற ஊர். டிமென்ஷியா வந்த 91 வயதுக்காரர் வீட்டை விட்டு வெளியேறி, தண்டவாளத்தில் இறங்கி, ரயிலில் அடிபட்டு இறந்தார். கூட இருந்த மனைவிக்கு 85 வயது. சில நிமிடம் கண் அயர்ந்திருந்தார், அவ்வளவுதான். ரயில் தாமதமானதற்கு நஷ்டஈடு கேட்டு ரயில் கம்பெனி குடும்பத்தின் மேல் வழக்குப் போட்டது. 2013இல் நகோயா மாவட்ட நீதிமன்றம் மனைவியும் மூத்த மகனும் 72 லட்சம் யென் கட்ட வேண்டும் என்றது. கண் அயர்ந்தது குற்றமாம். 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் குடும்பம் பொறுப்பில்லை என்று தீர்த்தது. உலகத்தில் முதியோர் பங்கு மிக அதிகமான நாடுகளில் ஒன்று, அரசே நடத்தும் பராமரிப்புக் காப்பீடு 2000இலிருந்து இருக்கிற நாடு, அங்கேயே விபத்து நடந்து எட்டு வருடம் கழித்துத்தான் அந்தப் பாட்டிக்கு வழக்கிலிருந்து விடுதலை.

அதே ஜப்பானில் ஓமுட்டா என்ற ஊரில் 2004இலிருந்து ஒத்திகை நடத்துகிறார்கள். வழி தவறினவர் மாதிரி ஒருவர் தெருவில் நடப்பார், ஊர்க்காரர்கள் கண்டுபிடித்து நயமாகப் பேச்சுக் கொடுக்கப் பழக வேண்டும். இங்கே செலவில்லாமல் செய்ய முடிவது: ஃபோன் நம்பரைப் பொறித்த செப்புக் காப்பு ஒன்றைக் கையில் போட்டுவிடுங்கள். செயின் வேண்டாம், அதற்காகவே யாராவது கூட்டிப் போய்விடுவார்கள். டீக்கடைக்காரர், ஆட்டோ ஸ்டாண்டு, வாட்ச்மேன் மூவரிடமும் சொல்லி வையுங்கள். எங்கள் அத்தையை மூன்று தெரு தள்ளிப் பிடித்துக் கொண்டுவந்தது இஸ்திரிக்காரர்.

9 ஆகஸ்ட்

புது ஊசி வந்துவிட்டதாமே என்று கேட்கிறவர்களுக்கு. லெக்கானெமாப், 2023இல் அமெரிக்கா முழு அனுமதி கொடுத்தது. 18 மாதச் சோதனையில் நோய் இறங்கும் வேகத்தை 27 சதவீதம் குறைத்தது என்று தலைப்புச் செய்தி வந்தது. அதையே அளவுகோலில் பார்த்தால் 18 புள்ளியில் 0.45 புள்ளி வித்தியாசம். ஆரம்ப கட்டத்தினருக்கு மட்டும்தான். சோதனையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றினார்கள். மூளையில் வீக்கமோ கசிவோ வருகிறதா என்று எம்ஆர்ஐ எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். விஞ்ஞானத்துக்கு இது பெரிய முன்னேற்றம்தான், குறைத்துப் பேசவில்லை. கோபித் தோட்டத்து வீட்டுக்கு வந்து சேர எத்தனை காலம் ஆகும் என்றுதான் யோசிக்கிறேன். அத்தைக்கு ஓடுவது டோனெபெசில், 1996இலிருந்து இருக்கிற பழைய மாத்திரை. நோயை நிறுத்தாது. கொஞ்ச காலம் முகம் தெளிவாக இருந்த மாதிரி இருந்தது, அல்லது நான் அப்படிப் பார்க்க ஆசைப்பட்டேன்.

10 ஆகஸ்ட்

தடுக்க வழியே இல்லையா என்ற கேள்விக்கு மஞ்சளைவிட நல்ல பதில் இருக்கிறது. லான்செட் என்ற மருத்துவ இதழின் குழு 2024இல் 14 ஆபத்துக் காரணிகளைப் பட்டியல் போட்டது. அத்தனையையும் சரி செய்ய முடிந்தால் 45 சதவீத டிமென்ஷியாவைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்பது கணக்கு. அதில் பெரிய பங்கு காது கேளாமைக்கும் கெட்ட கொழுப்புக்கும். ரத்த அழுத்தம், சர்க்கரை, பள்ளிக்கூடம் போகாதது, தனிமை, பார்வைக் குறைவு எல்லாம் உள்ளே வருகின்றன. 2021இல் தொடங்கின மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டு வாசலுக்கு வந்து பிரஷர், சுகர் மாத்திரை கொடுக்கிறார்களே, அதையும் மறதி நோய்த் திட்டமாக நான் எண்ணிக்கொள்வேன். நம் ஆட்கள் கண்ணாடி போடுவார்கள், காது மிஷின் மட்டும் கௌரவக் குறைச்சல். மாமனார் காது மிஷினை பீரோவில் பூட்டி வைத்திருக்கிறார்.

30 ஆகஸ்ட்

ஹோம் நர்ஸ் பற்றிக் கேட்டீர்கள். ஏஜென்சி மூலம் வைத்தோம். பயிற்சி பெற்றவர் என்றார்கள். வந்தது இருபது வயதுப் பெண், ஊரில் பஞ்சாலை வேலையை விட்டுவிட்டு அப்போதுதான் சேர்ந்திருந்தது. அத்தை சாயங்காலம் ஆனதும் சொந்த வீட்டிலேயே நின்றுகொண்டு “நேரமாச்சு, ஊட்டுக்குப் போலாம்” என்று பையைத் தூக்குவார். அந்தப் பெண் பயந்துபோய் ரூமில் வைத்துப் பூட்டிவிட்டது. அதன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அதற்கு யாரும் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை, நாங்கள் கொடுத்த காசில் பாதிதான் அதன் கைக்குப் போனது. கோபம் ஏஜென்சி மேல்தான்.

நான் கற்றுக்கொண்டது: “இதுதான் உங்க வீடு” என்று வாதாடினால் தோற்போம். “போலாங்க அத்தை, காபி குடிச்சுட்டுப் போலாம்” என்றால் காபி ஆறுவதற்குள் ஊர் மறந்துபோகும். பொய்தானே என்று என் வீட்டுக்காரர் முதலில் சங்கடப்பட்டார். இப்போது என்னைவிட நன்றாகச் சொல்கிறார்.

21 செப்டம்பர்

இன்று உலக அல்சைமர் தினமாம். வங்கியில் ஊதா ரிப்பன் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக ஒரு நாள் லீவு கேட்டேன், ஆள் இல்லை என்றார்கள். ரிப்பனைக் குத்திக்கொண்டுதான் கேட்டேன்.

4 அக்டோபர்

மத்திய அரசு பென்ஷன் வாங்கும் அப்பாவுக்கு லைஃப் சர்டிபிகேட் எப்படி எடுப்பது, வங்கிக்கு வரமாட்டேன் என்கிறார் என்று கேட்டவருக்கு. எல்லோருக்கும் நவம்பர், 80 தாண்டியவர்களுக்கு அக்டோபரிலேயே தொடங்கிவிடும். மொபைலில் முகத்தைக் காட்டியே எடுக்கலாம். ஆனால் கண்ணைச் சிமிட்டச் சொல்லும், அதுதான் சிக்கல், சொன்னால் புரியாது. காலை டிபன் முடிந்து தெளிவாக இருக்கும் நேரத்தில் வெளிச்சம் முகத்தில் படும்படி உட்கார வையுங்கள். சொல்லாமல் மெதுவாக முகத்தில் ஊதினால் தானாகவே சிமிட்டுவார். அதுவும் ஆகவில்லை என்றால் 70 தாண்டியவர்களுக்கு வீட்டுக்கே வந்து சேவை தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017இலேயே சொல்லியிருக்கிறது. கிளையில் வாயால் கேட்காதீர்கள், எழுதிக் கொடுத்து நகலில் சீல் வாங்குங்கள். மாநில அரசு பென்ஷன் என்றால் மாதக் கணக்கு வேறு, கருவூலத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். முதியோருக்கான உதவி எண் 14567, குறித்து வையுங்கள்.